கோப்பைத் திறக்காத பெட்டி

நா. பொன்னையா 1930இல் சுன்னாகத்தில் தொடங்கிய ‘ஈழகேசரி’யின் பழைய இதழ்களை இன்று நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் படிக்கலாம். தரவிறக்கிய இதழுக்கு ‘பொன்னையா’ என்று தமிழிலேயே பெயரிட்டுக் கணினியில் வைக்கிறோம். ஒரு மென்பொருளில் ‘ஓபன்’ அழுத்தியதும் எழும் பெட்டியில் அந்தப் பெயரைத் தெரிவு செய்கிறோம். “கோப்பு இல்லை” என்று சில மென்பொருள்கள் சொல்லிவிடும். கண்முன்னே இருக்கும் கோப்பு எப்படி இல்லாமற் போகும்?

அந்தப் பெட்டி எந்தக் கோப்பையும் திறப்பதில்லை. கோப்பு இருக்கும் பாதையை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு மறைந்துவிடும். திறப்பதும் வாசிப்பதும் மென்பொருளின் வேலை. பெட்டியை வரைவதும் மென்பொருள் அல்ல. 1992இல் வந்த விண்டோஸ் 3.1 முதல் இயங்குதளமே அதைப் பொதுவாகத் தருகிறது. எவ்வகைக் கோப்புகளைக் காட்டவேண்டும், பாதையை நினைவகத்தில் எங்கே எழுதவேண்டும் என்பவற்றை நிரலாளர் சொன்னாற் போதும். பயனர் ‘கான்சல்’ அழுத்தினாரா என்று பார்ப்பதும் நிரலாளரின் பொறுப்பே.

இந்தப் பெட்டியை எழுப்பும் பழைய விண்டோஸ் கட்டளை ‘கெட்ஓபன்ஃபைல்நேம்’. அதற்கு ‘ஏ’, ‘டபிள்யூ’ என இரண்டு வடிவங்கள் உண்டு. ‘ஏ’ வடிவம் எழுத்துகளுக்கு எண் தரும் பழைய குறிமுறைப் பட்டியல்களை நம்பியது. அரபுக்கும் தாய் மொழிக்கும் அப்படியொரு பட்டியல் இருந்தது. தமிழுக்கு விண்டோஸ் அதை ஒருபோதும் தரவில்லை. ஆகவே தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். கேள்விக்குறி உள்ள பெயரை விண்டோஸ் கோப்புக்கு அனுமதிப்பதே இல்லை. பிறகு எப்படித் தேடிப் பிடிப்பது? ‘டபிள்யூ’ வடிவம் யுனிகோடைச் சுமக்கும். விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த புதிய பெட்டி யுனிகோடை மட்டுமே அறியும்.

யுனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘பொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. விண்டோஸுக்கோ இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஒரே கோப்புறையில் இரண்டு ‘பொன்னையா’க்கள் இருக்கலாம். பெட்டி கொடுத்த பாதையை நிரல் ‘திருத்தி’ எழுதினால் கோப்பு தொலைந்துபோகும். கிடைத்தபடியே பயன்படுத்துவதுதான் சரி.

பெயரின் நீளத்தையும் கவனிக்கவேண்டும். லினக்ஸில் கோப்புப் பெயரின் நீள எல்லை பெரும்பாலும் 255 பைட். யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால் 85 குறியீடுகளோடு பெயர் முடிந்துவிடும்.

நிரல் எழுதும் தம்பி, தங்கைமாரே, ஆங்கிலப் பெயர்க் கோப்பு திறந்துவிட்டது என்று சோதனையை நிறுத்திவிடாதீர்கள். ஒகர, ஓகார எழுத்துகள் உள்ள தமிழ்ப் பெயர்களைக் கோப்புக்கும் கோப்புறைக்கும் இட்டு, அவற்றையும் திறந்து பார்த்த பின்பே மென்பொருளை வெளியே கொடுங்கள்.