உங்களுக்குத் தெரியுமா? செத்தவர்கள் எழுந்ததாக டிவியில் அவசர எச்சரிக்கை!

2013 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கேஆர்டிவி தொலைக்காட்சி நிலையத்தின் நிகழ்ச்சி நடுவே அபாய ஒலியுடன் ஓர் அவசர அறிவிப்பு ஒளிபரப்பானது. பிணங்கள் கல்லறையிலிருந்து எழுந்து உயிரோடிருப்பவர்களைத் தாக்குகின்றன என்றது அது! மிச்சிகனிலும் இதே கூத்து. நிலையங்களின் கருவிகளுக்குள் யாரோ ஊடுருவிப் போட்ட போலி அறிவிப்புகள் இவை. எப்படி நுழைந்தார்கள்?

• அவசர எச்சரிக்கைக் கருவியோடு வந்த பாஸ்வேர்டை நிலையங்கள் மாற்றவே இல்லை. அந்தப் பாஸ்வேர்டு கருவியின் கையேட்டிலேயே இருந்தது. கையேடோ இணையத்தில் கிடைத்தது. பூட்டோடு சாவியையும் தெருவில் தொங்கவிட்ட கதைதான். பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள், முடியாவிட்டால் இணைய கேபிளைக் கழற்றிவிடுங்கள் என்று ஒளிபரப்பாளர்களுக்கு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அவசரமாக அறிவுறுத்தியது.

• ‘வெறும் குறும்புதானே?’ எனலாம். பிணக்கதையை நம்பியவர்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதே வழியில் வெள்ளம், ரசாயனக் கசிவு என்று போட்டிருந்தால் ஊரே ஓடியிருக்கும். அடுத்த முறை வரும் உண்மையான எச்சரிக்கையையும் மக்கள் நம்பமாட்டார்கள்.

• ‘பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா?’ போதாது. இத்தகைய சில கருவிகளின் உள்மென்பொருளில் இருந்த ரகசியச் சாவியே பொதுவெளியில் கிடைப்பதாக அதே ஆண்டு ஜூனில் எச்சரிக்கை வந்தது. உற்பத்தியாளருக்கும் பொறுப்பு உண்டு.

உங்கள் வீட்டு வைஃபை ரூட்டரில் இருப்பது யார் வைத்த பாஸ்வேர்டு? இன்றே மாற்றுங்கள்.