மடிக்கணினியின் வெப்பமும் வேகமும்

பிழைப்பையும் படிப்பையும் நாடித் தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் நாகபுரியிலும் அகமதாபாத்திலும் குடியிருக்கும் நம்மவர் பலரிடம் இன்று 'கேமிங் லேப்டாப்' என்னும் வகை மடிக்கணினியைக் காண்கிறோம். பெயர் விளையாட்டைக் குறித்தாலும், அதன் பயன் விளையாட்டோடு நின்றுவிடுவதன்று. கட்டட வரைபடம் தீட்டுவோரும், படத்தொகுப்பாளரும், பொறியியல் மாணவரும் அதன் வேகத்தைக் கருதி அதையே வாங்குகின்றனர். விலையோ பெரிது, பலர் மாதத் தவணையில்தான் வாங்குகின்றனர்.

தவணை முடியுமுன்னரே சித்திரை வெயில் வந்துவிடுகிறது. தொடங்கிய பத்து நிமிடம் வரை நன்றாக ஓடிய கணினி பிறகு தயங்குகிறது, திரையில் காட்சி விட்டுவிட்டு நகர்கிறது, விசிறி இரைகிறது, விசைப்பலகை கையைச் சுடுகிறது. 'இயந்திரம் கெட்டுவிட்டது' என்று முடிவு கட்டி அதைப் பாதி விலைக்கு விற்பவர் உண்டு. கடைக்காரர் சொல்லைக் கேட்டு, தேவையில்லாத நினைவகத்தை வாங்கிப் பொருத்துபவரும் உண்டு. இவ்விரண்டையும் செய்யுமுன் நாம் அறிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது. கணினி வேகம் குறைவது பெரும்பாலும் அதன் நோயன்று. அது தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. வெப்பம் எங்கே தடைப்படுகிறது என்பதைக் கண்டுகொண்டால், சிறிய செலவிலோ செலவே இன்றியோ இழந்த வேகத்தைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

முதலில் வெப்பத்தின் அளவைப் பார்ப்போம். இத்தகைய கணினியில் உழைப்பவை இரண்டு. ஒன்று, கணக்குகளைப் போடும் மையச் செயலி; கடைகளில் இதை சி.பி.யு. என்பர். மற்றொன்று, காட்சிகளை வரையும் வரைகலைச் செயலி, இது ஜி.பி.யு. கடுமையான விளையாட்டு ஒன்று ஓடும்போது இவ்விரண்டும் சேர்ந்து 150 முதல் 200 வாட் வரை மின்சாரத்தை உண்ணக்கூடும். கணினி சுமை தூக்குவதில்லை, நீர் இறைப்பதுமில்லை. ஆகவே அது உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. பழைய காலத்து 100 வாட் குண்டு விளக்கை எரியவிட்டுக் கையால் தொட்டவர்க்கு அதன் சூடு நினைவிருக்கும். அத்தகைய விளக்குகள் இரண்டை ஒரு கணக்குப் புத்தகத்தின் கனமே உள்ள பெட்டியில் அடைத்து வைத்தது போன்றது இது.

இந்த வெப்பத்தை வெளியேற்ற, செயலிகளின்மேல் செப்புக் குழாய்கள் படுத்திருக்கின்றன. ஒவ்வொரு குழாயினுள்ளும் சிறிதளவு நீர், குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. செயலியின் சூட்டில் அந்நீர் ஆவியாகிக் குழாயின் மறுமுனைக்கு ஓடுகிறது. அங்கே மெல்லிய உலோகத் தகடுகளிடம் தன் வெப்பத்தை ஒப்படைத்து மீண்டும் நீராகிறது. விளக்குத் திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல் குழாயின் உட்சுவர் அந்நீரை ஈர்த்துப் பழைய இடத்துக்கே கொண்டுவருகிறது. இக்கருத்துக்கு ரிச்சர்ட் காக்லர் என்னும் அமெரிக்கர் 1944-இல் காப்புரிமை பெற்றார். அப்போது அது பரவவில்லை. 1963-இல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் தாமாகவே அதை மீண்டும் கண்டறிந்த பின்னரே அது உலகில் வழங்கலாயிற்று. குழாய் கொண்டுவந்த வெப்பத்தைத் தகடுகளிலிருந்து விசிறி ஊதி வெளியே தள்ளுகிறது.

ஆகக் கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று: வெப்பம் பிறக்கும் இடம், அது செல்லும் வழி, அது சென்று சேரும் வெளிக்காற்று. அடுப்பையும் புகைபோக்கியையும் சமையலறைச் சன்னலையும் போல இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. இவற்றுள் ஒன்று தவறினாலும் செயலியின் வெப்பநிலை ஏறும். மையச் செயலிகளில் பெரும்பாலானவற்றுக்கு 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரையில் ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. அவ்வெல்லையை எட்டியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. வேகம் குறைந்தால் மின்சாரம் குறையும். மின்சாரம் குறைந்தால் வெப்பம் குறையும். நாம் 'கணினி திணறுகிறது' என்று சொல்வது இதைத்தான்.

எனினும், எல்லாத் திணறலும் வெப்பத்தால் வருவதன்று. ஆகவே முதலில் சோதனை, பிறகே சிகிச்சை. கணினியை மின்னிணைப்பில் வைத்து, வழக்கமான விளையாட்டை இருபது நிமிடம் ஓட்டுங்கள். வெப்பநிலையையும் செயலியின் வேகத்தையும் காட்டும் 'ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ' போன்ற நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓடும்போது 80, 85 டிகிரி காட்டினால் அஞ்சவேண்டியதில்லை. இவ்வகைக் கணினிகளுக்கு அது இயல்பே. வெப்பநிலை எல்லையைத் தொடும் அதே நேரத்தில் வேகமும் சரிந்தால் குற்றவாளி வெப்பமே என்று உறுதி கொள்ளலாம்.

அவ்வாறின்றி, வெப்பநிலை 70 டிகிரியிலேயே நிற்க, முதல் நிமிடத்திலிருந்தே கணினி மந்தமாக இருந்தால் காரணம் வேறெங்கோ உள்ளது. பெரிய சார்ஜருக்குப் பதிலாகச் சிறிய சார்ஜரைச் செருகியிருக்கலாம், மின்கலத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்கலாம், விசிறி ஓசை எழாதிருக்கும் பொருட்டு அமைதி முறையில் வைத்து மறந்திருக்கலாம், வரைகலைச் செயலி சும்மாயிருக்க, மையச் செயலியோடு இணைந்துள்ள சிறிய வரைகலைப் பகுதியே எல்லாப் பாரத்தையும் சுமந்துகொண்டிருக்கலாம். நினைவகம் நிரம்பி வழிவதும் ஒரு காரணமே. புதிய நினைவகம் வாங்குவது இந்த ஒரு குறைக்குத்தான் மருந்து; வெப்பத்துக்கு அது மருந்தாகாது.

இனி, வெப்பமே காரணம் என்று தெரிந்தவர் செய்யவேண்டியவற்றைக் காண்போம். செலவில்லாததிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

முதலாவது, வெளிக்காற்று. விசிறி எவ்வளவு சுழன்றாலும், அறையிலுள்ள காற்றைவிடக் குளிர்ந்த காற்றை அதனால் உண்டாக்க முடியாது. அறையின் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் செயலியின் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே ஏறும். பெரும்பாலான மடிக்கணினிகள் 35 டிகிரி வரையுள்ள சூழலுக்கென்றே வகுக்கப்பட்டவை. வட இந்தியக் கோடையோ அவ்வரம்பை மதிப்பதில்லை. 2016-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் ராஜஸ்தானத்திலுள்ள பலோடியில் 51 டிகிரி பதிவாயிற்று. தில்லியிலும் நாகபுரியிலும் மே மாதத்தில் 45 டிகிரி என்பது புதுமையன்று. மொட்டை மாடிக்கு நேர்கீழே அமைந்த வாடகை அறையில், பிற்பகல் மூன்று மணிக்கு, புதிய கணினியும் திணறவே செய்யும். அதே வேலையை விடியற்காலையில் செய்து பாருங்கள். அப்போது திணறல் இல்லையென்றால் குறை கணினியில் இல்லை, அறையில் இருக்கிறது.

வறண்ட வெப்பமுள்ள ஊர்களில் நீரால் குளிர்விக்கும் கூலர் நல்ல துணையாகும். ஆனால் அதன் நேர் எதிரே கணினியை வைக்கலாகாது. காற்றோடு நீர்த்துளிகளும் தெறிக்கும். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரப்பதம் மிக்க ஊர்களில் அத்தகைய கூலரால் பயன் குறைவு. அங்கே சன்னலைத் திறந்து வைப்பதோ குளிர்சாதனமோதான் உதவும்.

கணினியை வைக்கும் இடமும் முக்கியம். பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்புறத் துளைகள் வழியாகவே காற்றை இழுக்கின்றன. தில்லிக் குளிரில் கட்டிலில் ரஜாயின்மேல் கணினியை வைத்து விளையாடுவோர் அத்துளைகளை அடைத்துவிடுகின்றனர். எனவே குளிர்காலத்திலும் கணினி கொதிப்பதில் வியப்பில்லை. கடினமான மேசைமேல் வைத்து, பின்புறத்தை ஓர் அங்குலம் உயர்த்துங்கள். இரண்டு மரத்துண்டுகள் போதும். உயர்த்தியவுடன் வெப்பநிலை சில டிகிரி இறங்கினால், கணினி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது என்பது தெளிவு. சுவரை ஒட்டி வைப்பதும் தவறு. வெளியேறிய சூடான காற்றே திரும்பி உள்ளே வரும்.

இரண்டாவது, வெப்பம் செல்லும் வழி. வடக்கே கோடையில் வீசும் புழுதிக்காற்றை நாம் அறிவோம். அப்புழுதி விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே படிந்து, நாளடைவில் கம்பளித் துணிபோல் இறுகிவிடுகிறது. வெளியே பார்க்கக் கணினி பளபளப்பாகவே இருக்கும்; உள்ளே வழி அடைபட்டிருக்கும். கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, ஆறவிட்ட பிறகே துப்புரவு செய்யவேண்டும். மூடியைத் திறக்கத் தெரிந்தவர், விசிறி சுழலாதபடி ஒரு மெல்லிய குச்சியால் நிறுத்திக்கொண்டு காற்றை ஊதலாம். விசிறியைச் சுழலவிட்டு வேகமாக ஊதினால் அதன் அச்சு கெடக்கூடும். வீட்டுத் தூசி உறிஞ்சும் கருவியை உள்ளே செலுத்துவதும் கூடாது. அதில் எழும் நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களைக் கெடுக்கவல்லது.

செயலிக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தும் பசை ஒன்று தடவப்பட்டிருக்கும். சில ஆண்டுகளில் அது உலர்ந்தோ ஓரத்துக்கு ஒதுங்கியோ போகும். முன்பு மெல்ல மெல்லச் சூடேறிய கணினி, இப்போது விளையாட்டைத் தொடங்கிய சில விநாடிகளிலேயே எல்லையைத் தொட்டால் இப்பசைமீது ஐயம் கொள்ளலாம். பசையை மாற்றுவது பழகிய கைகள் செய்யவேண்டிய வேலை. சில உயர்விலைக் கணினிகளில் பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் இருக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி சிந்தினாலும் பலகை பாழாகலாம். ஆகவே தம் கணினியில் எது உள்ளது என்று அறியாமல் எவரும் அதைத் திறக்கலாகாது.

நேரு பிளேஸ், லாமிங்டன் ரோடு, எஸ்.பி. ரோடு போன்ற கடைவீதிகளில் இப்பணிக்கு ஆட்கள் கிடைப்பர். ஊரும் மொழியும் புதிதாயினும் தயங்காமல் மூன்று செய்திகளைக் கேளுங்கள்: உத்தரவாதக் காலத்தில் திறந்தால் அது செல்லுமா என்பதைத் தயாரிப்பாளரின் சேவை மையத்தில் முன்னதாகவே கேளுங்கள், கண்ணெதிரே திறக்குமாறு கடைக்காரரைக் கேளுங்கள், இன்னது செய்தோம் என்று எழுதிய ரசீதைக் கேளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் அதே விளையாட்டை ஓட்டி வெப்பநிலையைக் குறித்துக்கொண்டால், கொடுத்த பணத்துக்குப் பயன் உண்டா என்பது தானே விளங்கும்.

மூன்றாவது, வெப்பம் பிறக்கும் இடம். திரைப்படம் விநாடிக்கு 24 படங்களாலேயே நம் கண்ணுக்கு ஓட்டத்தைக் காட்டிவிடுகிறது. விளையாட்டுக்கு அதைவிட மிகுதி வேண்டும் என்பது உண்மையே. ஆயினும், விநாடிக்கு 144 படங்களை இடைவிடாது வரையுமாறு கணினியை ஏவவேண்டுமா? விளையாட்டின் அமைப்புப் பகுதியில் 60 என்று வரம்பு கட்டிவிட்டால் வரைகலைச் செயலியின் உழைப்பு வெகுவாகக் குறையும். காட்சியும் தடுமாறாமல் சீராக ஓடும். நிழல், பிரதிபலிப்பு போன்ற அலங்காரங்களை ஒரு படி குறைப்பதும் நன்று. விண்டோஸ் உள்ள பல கணினிகளில், 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் மையச் செயலியின் உச்ச அளவை 100-இலிருந்து 99 விழுக்காடாக்கினால், அது அவ்வப்போது பாயும் மிகைவேகம் நின்று வெப்பம் இறங்கும்.

தேர்ந்தவர் கையாளும் முறை இன்னொன்று, செயலிக்குச் செல்லும் மின்னழுத்தத்தைச் சிறிது குறைப்பது. செயலி உண்ணும் மின்சாரம் மின்னழுத்தத்தின் இருபடியைப் பொறுத்தது. அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வேகம் மாறாமலே, அந்தச் செலவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆனால் 2019 டிசம்பரில் இவ்வழியே கணினியின் மறைபொருள்களைத் திருட முடியும் என ஆய்வாளர் காட்டியபின், தயாரிப்பாளர் பலர் இவ்வசதியைப் பூட்டிவிட்டனர். பூட்டியிருந்தால் அதை உடைக்க முயல வேண்டாம். மேலே சொன்ன முறைகளே போதும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. வேகக் குறைவு நம் பொறுமையை மட்டுமே சோதிக்கும். மின்கலம் வீங்குவதோ உயிருக்கே ஊறு செய்யலாம். கணினியிலுள்ள லித்தியம் மின்கலம் நெடுநாள் சூட்டில், முழுச் சார்ஜுடன் கிடந்தால் விரைந்து முதுமை அடையும். எப்பொழுதும் மின்னிணைப்பிலேயே வைத்திருப்போர், வசதியிருப்பின், சார்ஜை 80 விழுக்காட்டோடு நிறுத்துமாறு அமைத்துக்கொள்ளலாம். விரல் தடவும் பலகை மேலெழும்பினாலும், அடிப்புறம் மேசையில் சமமாக அமராமல் ஆடினாலும் மின்கலம் வீங்கியிருக்கிறது என்று ஐயுறவேண்டும். உடனே கணினியை அணைத்து, சார்ஜரை நீக்கி, சேவை மையத்தில் ஒப்படையுங்கள். வீங்கிய மின்கலத்தை அழுத்துவதோ குத்துவதோ தீயை விரும்பி அழைப்பதாகும். ஒரே அறையில் நால்வர் படுத்துறங்கும் விடுதிகளில் இதை எவரும் அசட்டை செய்யலாகாது.

ஆகவே அன்பர்களே, கோடையில் உங்கள் கணினி தயங்கும்போது அதை விற்கவும் வேண்டாம். புதிய உறுப்புகளை வாங்கவும் விரைய வேண்டாம். இருபது நிமிடச் சோதனையால் காரணத்தை அறியுங்கள். பிறகு காற்றுக்கு இடம் கொடுங்கள், உழைப்புக்கு வரம்பு கட்டுங்கள், புழுதியை நீக்குங்கள், பசையை மாற்றுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இவ்வரிசையில் சென்றால், பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய கருவி தன் முழு ஆயுளும் உங்களுக்குப் பயன்படும்.