தோலுக்கும் தரம் பார்க்கிறார்கள்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் தோல் எடுக்கிற நம்மவர்களுக்குத் தரம் பார்ப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விரித்துப் போட்டுக் கத்தி வெட்டு இருக்கிறதா, உப்புச் சரியாகப் பிடித்ததா என்று பார்ப்போம். மயிரை இழுத்தால் கையோடு வருகிறதா, அழுகல் தொடங்கிவிட்டது, விலை இறங்கும். கண்ணும் கையும் மூக்கும் போதும்.

ஆனால் இப்போது மனிதத் தோலையே ஆய்வுகூடத்தில் வளர்க்கிறார்கள். தீயில் வெந்தவருக்குப் போர்த்துவதற்கு அது. நமது தீவுப் பகுதியில் இதன் அருமை சொல்லாமலே விளங்கும். நெடுந்தீவில் ஒருவர் வெந்துபோனால் குறிகட்டுவான் வரை படகு, பிறகு யாழ்ப்பாணம் வரை தரைப்பாதை. இவ்வளவு பாடுபட்டுப் போனவருக்குப் போர்த்தும் தோல் நாலு நாளில் உரிந்து விழுந்தால் என்ன செய்வது? அதனால்தான் தரம் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கண் போதாது.

தோல் இரண்டு அடுக்கு. மேலே மேற்றோல், கீழே உட்டோல். நாம் உப்புப் போட்டு விற்பது பெரும்பாலும் உட்டோலின் கொலாஜன் என்ற புரதம்தான். அது மூன்று புரி சேர்ந்த கயிறு போன்றது என்று 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டறிந்தார்கள். இரண்டு அடுக்கையும் ஒட்டிவைக்க நடுவில் மெல்லிய பசை உண்டு. லமினின், நான்காம் வகை, ஏழாம் வகைக் கொலாஜன் எல்லாம் அங்கேதான். பிளைவுட் பலகை விற்றவர்களுக்குத் தெரியும், பசை சரியில்லாத பலகையும் கடையில் அழகாகத்தான் இருக்கும்.

இந்தப் பசையைக் காட்டிக்கொடுப்பது அன்ரிபொடி. பள்ளிப் புத்தகத்தில் பிறபொருளெதிரி என்று படித்திருப்பீர்கள். கிருமியைப் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதம் இது. பூட்டுக்குத் திறப்புப் போல ஒவ்வொன்றும் தனக்குரிய பொருளையே தேடிப் பிடிக்கும். ஒரே வகை அன்ரிபொடியை வேண்டிய அளவு செய்யும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் கண்டுபிடித்தார்கள். 1984இல் நோபல் பரிசு கிடைத்தது.

தோலில் சிறு துண்டை உறையவைத்து, தலைமயிரை விட மெல்லிய சீவலாகச் சீவுவார்கள். சாயம் பூட்டிய அன்ரிபொடியை அதில் விடுவார்கள். லமினினைத் தேடும் அன்ரிபொடி, இரண்டு அடுக்குக்கும் நடுவே அறுபடாத கோடாக ஒளிர்ந்தால் பசை நன்று. விட்டுவிட்டுத் தெரிந்தால் அந்தத் தோல் உரியும். கூடவே, நல்லதென்று தெரிந்த தோலையும், அன்ரிபொடி விடாத சீவலையும் வைத்து ஒப்பிடுவார்கள். முத்திரை குத்திய படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பது போலத்தான்.

2015இல் ஜேர்மனியின் போகும் நகர வைத்தியசாலைக்கு ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். சிரியாவிலிருந்து அகதியாக வந்த குடும்பம். லமினினில் பிறவிக் குறை. மேற்றோலில் பாதிக்கு மேல் கழன்றுவிட்டது. அவனுடைய தோலில் நான்கு சதுர சென்ரிமீற்றர் எடுத்து, இத்தாலியின் மோடெனாவில் குறைபட்ட மரபணுவுக்கு நல்லதைச் சேர்த்து வளர்த்து, உடலில் சுமார் 80 வீதத்துக்குப் போர்த்தினார்கள். பின்னர் அன்ரிபொடியால் சோதித்தபோது லமினின் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. தோலும் உரியவில்லை. 2017இல் இது வெளியிடப்பட்டது.

எல்லாச் செயற்கைத் தோலும் நோயாளியின் தோலிலிருந்தே வருவதில்லை. 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்டெக்ரா, மாட்டுத் தசைநாணின் கொலாஜனும் சுறாக் குருத்தெலும்பின் பொருளும் சேர்ந்தது. நமது கரையில் கருவாடாகிற சுறாவுக்கு அங்கே வேறு மதிப்பு! பன்றித் தோலிலிருந்து செய்தவையும் சந்தையில் உண்டு. மருத்துவச் சாமான் இறக்குமதி செய்யும் சகோதரர்கள் மூலப்பொருள் எந்தப் பிராணி என்பதற்குப் பத்திரம் கேட்டு வாங்குங்கள். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள்.

பதனிட்ட தோலிலும் கொதிக்கவைத்த ஜெலட்டினிலும் புரதம் உருமாறிவிடுவதால் அன்ரிபொடி ஏமாற்றக்கூடும். அங்கே மரபணுச் சோதனையும் வேண்டிவரும். செருப்புக் கடைக்காரருக்கு ஒரு பழைய அடையாளம் சொல்கிறேன். பன்றித் தோலில் மயிர்க்குழிகள் மும்மூன்றாகக் கூடியிருக்கும். ஆனால் மேற்பரப்பை உரசி வேறு கோலம் அச்சிட்ட தோலில் அதையும் நம்ப முடியாது.