உங்களுக்குத் தெரியுமா? – நுண்ணோக்கிப் படமும் இருண்ட மூலைகளும்

ஸ்லைடைக் கண்ணால் பார்க்கும்போது வட்டம் முழுக்க ஒரே வெளிச்சம்தான். அதையே படம் எடுத்தால் நடுவில் பளிச்சென்றும் மூலைகளில் மங்கியும் இருக்கும். கேமரா பழுதில்லை. சிறுகச் சிறுக மாறும் வெளிச்சத்தை நம் பார்வை பொருட்படுத்துவதில்லை. கேமராவோ உள்ளதை உள்ளபடி பதிகிறது.

*

வெளிச்சம் சீராக இல்லாத படத்தைக் கணினியிடம் கொடுத்து, “இந்த அளவுக்குக் கீழே இருண்டதெல்லாம் செல்” என்று எண்ணச் சொன்னால், இருண்ட மூலையின் வெற்றிடமும் செல் கணக்கில் சேர்ந்துவிடும். படம் அழகாக இருக்கிறதா என்பதைவிட, எண்ணிக்கை பொய்யாகிறதே என்பதுதான் கவலை.

*

முதல் தீர்வு 1893-இலேயே வந்துவிட்டது. நுண்ணோக்கி வழியே புகைப்படம் எடுத்த ஜெர்மானியர் ஆகஸ்ட் கோலருக்கு விளக்குச் சுடரின் ஏற்றத்தாழ்வு பெருந்தொல்லை. சுடரின் பிம்பத்தை ஸ்லைடின் மேல் விழவைப்பதே அன்றைய வழக்கம். அவர் அதை, ஸ்லைடுக்கு ஒளியைக் குவித்துத் தரும் கண்டன்சரின் டயஃப்ரத்தில் (ஒளித்திறப்பில்) விழச் செய்தார். அதனால் சுடரின் ஒவ்வொரு புள்ளியும் பார்வைப் புலம் முழுவதற்கும் ஒளி தந்தது. சுடரின் உருவம் ஸ்லைடில் தெரியவே இல்லை. 1900-இல் அவர் யேனாவில் உள்ள சைஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். இன்றைய ஆய்வக நுண்ணோக்கிகளிலும் அவர் முறைதான்.

*

கோலர் முறைப்படி வெளிச்சத்தைச் சரிசெய்ய ஓரிரு நிமிடம் போதும். விளக்குப் பக்கத்து டயஃப்ரத்தைச் சுருக்குங்கள். அதன் விளிம்பு கூர்மையாகத் தெரியும்வரை கண்டன்சரை ஏற்றி இறக்குங்கள். திருகுகளால் நடுவுக்குக் கொண்டுவந்து, விளிம்பு பார்வையிலிருந்து மறையும்வரை திறந்துவிடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு மென்பொருளில் திருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பது தவறான சிக்கனம்.

*

இப்படிச் சரிசெய்த பிறகும் படத்தில் மிஞ்சும் வெளிச்சக் குறையைக் கழித்து நீக்கக் கூடாது, வகுத்துத்தான் நீக்க வேண்டும்! வெற்று ஸ்லைடின் படத்தில் நடுவில் 210, மூலையில் 110 என்று வைத்துக்கொள்வோம். விளக்கை மறைத்து எடுத்த இருட்டுப் படத்தில் எங்கும் 10. பாதி ஒளியை விழுங்கும் ஒரே சாயம் நடுவில் 110 என்றும் மூலையில் 60 என்றும் பதிவாகும். வெற்றுப் படத்திலிருந்து இவற்றைக் கழித்தால் நடுவில் 100, மூலையில் 50: ஒரே சாயத்துக்கு இரண்டு விடை. இருட்டின் 10-ஐ எல்லாவற்றிலிருந்தும் நீக்கிவிட்டு வகுத்தால் 100/200, 50/100. இரண்டுமே பாதி. ஒளி பெருக்கலாக வேலை செய்கிறது. கேமராவின் இருட்டு மட்டுமே கூட்டலாக ஒட்டிக்கொள்கிறது.

*

வானியலாளர்களும் இதையே செய்கிறார்கள். அவர்களுக்கு வெற்று ஸ்லைடு, அந்தி வானம்.

*

ஒளிரும் சாயங்களைப் படமெடுக்கும்போது வெற்று ஸ்லைடு உதவாது. அது கறுப்பாகவே இருக்கும். சீராக ஒளிரும் பிளாஸ்டிக் தகடோ சாயக் கரைசலோ வேண்டும். லென்ஸை மாற்றினாலும் ஃபில்டரை மாற்றினாலும் புதிதாக எடுக்க வேண்டும்.

*

படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. ஸ்லைடை நகர்த்தினால் கூடவே நகர்கிறதா? தூசி ஸ்லைடில். அசையாமல் நிற்கிறதா? லென்ஸ், கேமரா போன்ற வேறெங்கோ. கேமராவைத் திருப்பும்போதும் படத்தில் அதே இடத்தில் நின்றால் கேமராவிலேதான்.

*

வெற்றுப் படம் எடுக்க மறந்தவர்களுக்கு ஒரு வழி, ஸ்டான்லி ஸ்டெர்ன்பெர்க் 1983-இல் எழுதிய ‘உருளும் பந்து’. பிக்சல்களின் அளவுகளை மேடுபள்ளமான நிலமாகக் கருதி, அதன் அடியில் ஒரு பந்தை உருட்டிப் பின்னணியைக் கண்டுபிடிக்கும். இமேஜ்-ஜே மென்பொருளில் பந்தின் ஆரம் 50 பிக்சல் என்றே முன்கூட்டி இருக்கும். பலர் அதை மாற்றுவதே இல்லை. உங்கள் செல் அதைவிடப் பெரிதென்றால், பந்து செல்லுக்குள்ளேயே ஏறி அதன் ஒளியையும் பின்னணி என்று நீக்கிவிடும்.

*

2017-இல் வெளியான ‘பேசிக்’ முறைக்கு வெற்றுப் படமே வேண்டாம். பல படங்களை ஒப்பிட்டு, எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் நிழலைத் தானே பிரித்தெடுக்கிறது.

*

திருத்தத்துக்கும் எல்லை உண்டு. எட்டு பிட் படத்தில் 255-ஐத் தொட்டு வெளுத்த பிக்சலை எதுவும் மீட்காது. நடுவைவிடக் கால்பங்கு ஒளியே பெற்ற மூலையை வகுத்து வெளிச்சமாக்கினாலும், அங்கே ஒளியின் இயல்பான இரைச்சல் நடுவில் இருப்பதுபோல் இரு மடங்காகவே இருக்கும்.