டிரம்ஸ் செட்டுக்கு மலிவு விலைப் பை: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

புதுதில்லி: கிட்டார் கலைஞர் ஒரே ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறிவிடலாம். டிரம்ஸ் கலைஞருக்கு அந்த வசதி இல்லை. ஐந்து டிரம்கள், மூன்று நான்கு சிம்பல்கள், அவற்றைத் தாங்கும் இரும்புத் தாங்கிகள், பெடல்கள் என அவரது கருவி ஏழெட்டுச் சுமைகளாகப் பிரிந்து பயணிக்கிறது. ஒவ்வொரு சுமைக்கும் தனிப் பை தேவைப்படுவதால், பைகளுக்கான செலவே பலருக்குப் பெரும் சுமையாகி விடுகிறது.

இதன் விளைவாகப் பழைய போர்வை, சாக்கு, அட்டைப்பெட்டி ஆகியவற்றில் டிரம்களைச் சுற்றி எடுத்துச் செல்லும் வழக்கம் நாடு முழுவதும் உள்ளது. திருமண இசைக்குழுக்கள், தேவாலயப் பாடகர் குழுக்கள், கல்லூரி இசைக்குழுக்கள் எனப் பலரும் இவ்வாறே சமாளிக்கின்றனர். ஆனால் கீழே விழுந்து விளிம்பு விரிந்துபோன ஒரு நல்ல சிம்பலின் விலை, மலிவு விலைப் பைத் தொகுப்பு முழுவதன் விலையையும் மிஞ்சக்கூடும்.

விலை குறைந்த பைகள் அனைத்தும் தரமற்றவை அல்ல. எந்தப் பைக்கு அதிகம் செலவிட வேண்டும், எதில் சிக்கனம் காட்டலாம் என்பதை அறிந்து வாங்கினால், குறைந்த தொகையிலேயே கருவியைப் பாதுகாக்க முடியும்.

அளவெடுப்பதே முதல் படி

பெரும்பாலான பைகள் தவறான அளவின் காரணமாகவே பயனற்றுப் போகின்றன. பைகளின் அளவு அங்குலத்தில் குறிக்கப்படுகிறது. சில நிறுவனங்கள் விட்டத்தை முதலிலும் ஆழத்தை அடுத்தும் குறிப்பிடுகின்றன. வேறு சில இதைத் தலைகீழாக எழுதுகின்றன. 22 அங்குல விட்டமும் 18 அங்குல ஆழமும் கொண்ட பேஸ் டிரம், ஒரு பட்டியலில் 22×18 என்றும் மற்றொன்றில் 18×22 என்றும் இடம்பெறலாம். இணையத்தில் வாங்குவோர் இதை உறுதி செய்துகொள்வது அவசியம்.

விட்டம் என்பது டிரம்மின் மர உருளையின் விட்டத்தையே குறிக்கும். அதைச் சுற்றியுள்ள உலோக வளையம், இறுக்கும் திருகுகள் ஆகியவற்றுக்கான இடத்தைப் பை தயாரிப்பாளரே கூடுதலாகச் சேர்த்திருப்பார். ஆழத்தை அளக்கும்போது மட்டும் மேல் வளையத்தின் விளிம்பிலிருந்து கீழ் வளையத்தின் விளிம்பு வரை அளக்க வேண்டும்.

டாம் டிரம்களில் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் பிடிமானம், ஸ்னேர் டிரம்மின் கம்பிவலையை இயக்கும் நெம்புகோல் ஆகியவை வட்டமான பையில் அடங்காமல் துணியை இழுத்துப் பிடிக்கும். ஒரு பக்கம் சற்று நீண்டு கண்ணீர்த்துளி வடிவில் தைக்கப்பட்ட பைகள் இதற்கு ஏற்றவை. ஃப்ளோர் டாமின் கால்களைக் கழற்றியும், பேஸ் டிரம்மின் பக்கக் கால்களை மடித்தும் வைத்த பின்னரே பையில் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

பை மிகப் பெரிதாக இருப்பதும் குறையே. உள்ளே ஆடும் டிரம், ஒவ்வொரு குலுக்கலிலும் சுவரில் மோதிக்கொண்டே செல்லும்.

ஃபோம்: தடிமன் மட்டும் போதாது

சந்தையில் கிடைக்கும் பைகளில் ஃபோமின் தடிமன் பொதுவாக 5 மில்லிமீட்டரில் தொடங்கி 20 மில்லிமீட்டர் வரை உள்ளது. 5 மில்லிமீட்டர் பை தூசியையும் கீறலையும் தடுக்கும்; அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க இயலாது. சொந்தக் காரில் உள்ளூருக்குள் சென்று வருவோருக்கு 10 மில்லிமீட்டர் போதுமானது. வாடகை வேன், பேருந்து என மற்றவர்கள் கையாளும் பயணங்களுக்கு 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

ஃபோமின் வகையும் முக்கியமானது. பஞ்சு போன்ற மென்மையான ஃபோம், நாளடைவில் அமுங்கி மெலிந்துவிடும், நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். செருப்பின் அடிப்பகுதி போன்று நெருக்கமாக இருக்கும் ஃபோம், அடியைத் தாங்கும், நீரை உறிஞ்சாது. கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். விரலை எடுத்தவுடன் பழைய நிலைக்குத் திரும்பாத ஃபோம், ஓராண்டுப் பயன்பாட்டிற்குள் பெயரளவிற்கே எஞ்சியிருக்கும்.

'டெனியர்' என்பது என்ன?

பைகளின் விவரக்குறிப்பில் 600 டெனியர், 1680 டெனியர் என்ற எண்கள் காணப்படும். இது துணியில் பயன்படுத்தப்பட்ட இழையின் கனத்தைக் குறிக்கும் அளவு. 9,000 மீட்டர் நீளமுள்ள இழையின் எடை 600 கிராம் என்றால் அது 600 டெனியர். எண் உயர உயர, துணி உரசலையும் கிழிசலையும் தாங்கும் திறன் பொதுவாகக் கூடும். மலிவு விலைப் பைகளில் பெரும்பாலும் 600 டெனியர் பாலியஸ்டர் துணியே இருக்கும். வாரம் ஓரிரு முறை பயன்படுத்துவோருக்கு இதுவே போதும்.

துணியின் உட்புறம் பூசப்படும் மெல்லிய பூச்சுதான் மழைநீரைத் தடுக்கிறது. எனினும் 'நீர் புகாதது' என்று விளம்பரப்படுத்தப்படும் பைகளிலும் தையல் ஓரங்கள், ஜிப் ஆகியவற்றின் வழியே நீர் கசியலாம். ஜிப்பின் மேல் மூடும் துணி மடிப்பு இருந்தால் இது ஓரளவு குறையும்.

முதலில் கிழிவது கைப்பிடியும் ஜிப்பும்

மலிவு விலைப் பைகளில் ஃபோம் நன்றாக இருந்தும் கைப்பிடி அறுந்து டிரம் கீழே விழுவது வழக்கமான விபத்து. கைப்பிடியின் பட்டை பையின் மேற்புறத்தில் மட்டும் தைக்கப்பட்டிருந்தால் முழு எடையையும் அந்தத் தையலே தாங்க வேண்டியிருக்கும். பட்டை பையின் அடிவரை சென்று சுற்றி வந்தால் எடை பரவிவிடும். பேஸ் டிரம் பைக்கு இத்தகைய கைப்பிடி இன்றியமையாதது.

ஜிப் பெரிய பற்களுடன் தடையின்றி ஓட வேண்டும். இரு முனைகளிலிருந்தும் திறக்கும் வகையில் இரண்டு இழுப்பான்கள் இருப்பது நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும். உட்புறம் மென்மையான துணி ஒட்டப்பட்டிருந்தால், பளபளப்பு பூசிய டிரம்களில் கீறல் விழாது.

எதற்கு அதிகம் செலவிட வேண்டும்?

ஒரே தரத்தில் முழுத் தொகுப்பாக வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிம்பல், ஸ்னேர் ஆகிய இரண்டின் பைகளையும் தரமானதாக வாங்கிவிட்டு, டாம்களுக்கு எளிய பைகளைப் பயன்படுத்தலாம்.

சிம்பல்களே செட்டில் எளிதில் சேதமடையும் பகுதி. விளிம்பில் ஏற்படும் சிறு விரிசல், தொடர்ந்து வாசிக்கும்போது உள்நோக்கிப் பரவும். விரிசல் பகுதியை வெட்டியோ துளையிட்டோ பரவலைத் தடுக்கலாமே தவிர, பழைய ஒலியை முழுமையாக மீட்பது கடினம். எனவே சிம்பல் பையில் ஒவ்வொரு சிம்பலுக்கும் இடையே தடுப்புத் துணி இருக்க வேண்டும். 20 அங்குல ரைடு சிம்பல் வைத்திருப்போர் 22 அங்குலப் பை வாங்குவது வழக்கம். சிம்பலின் கூரிய விளிம்பு, பையின் அடிப்பகுதியை நாளடைவில் அறுத்துவிடும் என்பதால் அங்கே கூடுதல் அடுக்கு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

சிக்கனம் காட்டக்கூடிய இடம் இரும்புத் தாங்கிகள். இவற்றுக்கு ஃபோம் தேவையில்லை. வலுவான அடிப்பகுதியும் சக்கரமுமே தேவை. விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும், சக்கரம் பொருத்திய கிரிக்கெட் பை இதற்குப் பொருத்தமான மாற்று. மட்டைகள் அடங்கும் நீளம் கொண்டது என்பதால், மடித்த தாங்கிகள் பெரும்பாலும் அதில் அடங்கிவிடும். ஆனால் எல்லா இரும்பையும் ஒரே பையில் திணித்தால் சக்கரமும் தையலும் தாங்காது. எடையை இரண்டாகப் பிரிப்பதே முறை.

தபேலா, டோலக் ஆகியவற்றுக்கு உறை தைத்துக் கொடுப்போர் பல நகரங்களில் உள்ளனர். டிரம்மை நேரில் கொண்டு சென்று, விரும்பிய ஃபோமைக் கொடுத்துத் தைத்துக்கொள்வதும் ஒரு வழி. வழக்கத்திற்கு மாறான அளவுள்ள பழைய டிரம்களுக்கு இதுவே ஏற்றது.

ரயிலில் எடுத்துச் செல்ல முடியுமா?

இந்திய ரயில்வே விதிகளின்படி, ஸ்லீப்பர் மற்றும் மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் ஒரு பயணி 40 கிலோ வரையிலும், இரண்டடுக்கு ஏ.சி. வகுப்பில் 50 கிலோ வரையிலும் கட்டணமின்றிச் சுமை எடுத்துச் செல்லலாம். டிரம்ஸ் செட்டைப் பொறுத்தவரை எடையுடன் அளவும் சிக்கலாகலாம். பயணிகள் பெட்டிக்குள் அனுமதிக்கப்படும் சூட்கேஸ், டிரங்குப் பெட்டிகளுக்கான பொதுவான வரம்பு 100×60×25 சென்டிமீட்டர். 22 அங்குல பேஸ் டிரம்மின் விட்டம் சுமார் 56 சென்டிமீட்டர். 18 அங்குல ஆழம் என்பது சுமார் 46 சென்டிமீட்டர். இது வரம்பைத் தாண்டிவிடுகிறது.

இத்தகைய சுமைகளை லக்கேஜ் அலுவலகத்தில் பதிவு செய்து, பிரேக் வேனில் அனுப்ப வேண்டும். அங்கே மற்ற பார்சல்கள் மேலே அடுக்கப்படலாம். ஃபோம் பை மோதலைத் தாங்கும். மேலிருந்து அழுத்தும் எடையைத் தாங்காது. ஆகவே பார்சலாகவோ விமானத்திலோ அடிக்கடி அனுப்புவோருக்கு, பேஸ் டிரம்முக்கு மட்டுமாவது கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி தேவை. எப்போதாவது ஒருமுறை அனுப்புவோர், பையுடன் சேர்த்துக் கனமான அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டலாம்.

சாலைப் பயணத்திலும் இதே கவனம் வேண்டும். நாகாலாந்தின் கிசாமாவில் ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் 10 வரை நடைபெறும் ஹார்ன்பில் விழாவுக்கு ரயிலில் வருவோர், திமாபூரில் இறங்கி மலைச் சாலையில் வாகனம் மாற வேண்டும். இதுபோன்ற வளைவான பாதைகளில் பேஸ் டிரம்மை அடியில் வைத்து, டாம்களை அதன் பக்கத்தில் நெருக்கமாக அடுக்குவது நல்லது. சிம்பல் பையின் மீது எதையும் வைக்கக் கூடாது.

பாதுகாக்கும் பையே பகையாகலாம்

பயணத்தில் கருவியைக் காக்கும் பை, வீட்டில் அதைக் கெடுக்கவும் கூடும். காரணம் ஈரம். மழையில் நனைந்த பையை அப்படியே மூடி வைத்தால் உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றி, திருகுகளில் துருவும் துணியில் பூஞ்சையும் ஏற்படுத்தும். இன்றைய டிரம்களின் தோல் பெரும்பாலும் பாலியஸ்டர் படலம் என்பதால் ஈரத்தால் தளர்வதில்லை. ஆனால் மர உருளை அப்படியல்ல. தோல் அமரும் மர விளிம்பு சிறிதளவு திரிந்தாலும் டிரம்மைச் சீராகச் சுருதி சேர்ப்பது கடினமாகிவிடும்.

மும்பை, கோவா போன்ற கடலோரப் பகுதிகளிலும், மேகாலயா உள்ளிட்ட அதிக மழை பெறும் மாநிலங்களிலும் இந்தச் சிக்கல் கூடுதலாக உள்ளது. நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பியதும் டிரம்களை வெளியே எடுத்துத் துடைத்து, பைகளை ஜிப் திறந்த நிலையில் நிழலில் உலர்த்த வேண்டும். முழுவதும் காய்ந்த பின்னரே மீண்டும் உள்ளே வைக்க வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் ஓரளவு உதவும். ஆனால் அவை ஈரத்தை உறிஞ்சி நிறைந்ததும் மாற்றப்படாவிட்டால் பயனில்லை.

நீண்ட நாள் சேமித்து வைப்போர், பைகளை வெறும் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காமல் பலகை அல்லது அலமாரியின் மீது வைக்கலாம். தரை ஈரத்திலிருந்து காப்பதோடு, பையைக் கடிக்கும் எலிகளைக் கண்டறியவும் இது உதவும். தோலை முற்றிலும் தளர்த்திவிடாமல் மிதமான இறுக்கத்தில் வைப்பது பொதுவான நடைமுறை. மாதம் ஒருமுறையாவது பைகளைத் திறந்து காற்றாட விட வேண்டும்.

சுருக்கமாக

* விட்டம், ஆழம் இரண்டையும் அளந்து, பட்டியலில் எது முதலில் எழுதப்பட்டுள்ளது என்று உறுதி செய்யவும்.
* உள்ளூர்ப் பயணத்திற்கு 10, வெளியூர்ப் பயணத்திற்கு 15 மில்லிமீட்டருக்குக் குறையாத ஃபோம் தேவை.
* பேஸ் டிரம் பையின் கைப்பிடிப் பட்டை அடிவரை சுற்றி வர வேண்டும்.
* முதல் செலவு சிம்பல் பைக்கும் ஸ்னேர் பைக்கும். தாங்கிகளுக்குக் கிரிக்கெட் பை போதும்.
* பார்சலில் அனுப்பும் டிரம்முக்கு ஃபோம் பை மட்டும் போதாது.
* நனைந்த பையில் டிரம்மை ஓரிரவு கூட விட்டுவைக்கக் கூடாது.