குழந்தையின் சொத்தைப் பல்லுக்கு வெள்ளி மருந்து



"பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும்!" சொத்தைப் பல்லுடன் குழந்தையைத் தூக்கி வரும் தாய்மார்கள் சொல்வது இது. முன் பற்கள் 6, 7 வயதில் விழும் என்பது சரிதான். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. மூன்று வயதிலேயே அவை சொத்தையானால் பிள்ளை எதைக் கொண்டு மென்று சாப்பிடும்? ராத்திரியில் வலியால் அழும், சோறு இறங்காது.

சொத்தை, பூச்சி அரிப்பதால் வருவதில்லை. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. கண்டங்கத்திரி விதைப் புகை காட்டிப் பூச்சி எடுப்பதாகச் சொல்பவரிடம் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

பல்லைக் குடையாமல், ஊசி போடாமல் சொத்தையை நிறுத்த ஒரு மருந்து இருக்கிறது. அதன் பெயர் சில்வர் டயமின் ஃபுளோரைடு. ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, 1970-ல் அந்நாட்டில் உபயோகத்துக்கு வந்தது. இதிலுள்ள வெள்ளி கிருமியைக் கொல்கிறது. ஃபுளோரைடு பல்லைக் கெட்டிப்படுத்துகிறது. பிறகு சீனா, கியூபா நாட்டுக் குழந்தைகளிடமும் சோதித்தார்கள். நேபாளப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு முறை பூசிப் பார்த்ததில் 38 சதவீத மருந்து நல்ல பலன் தந்தது. 12 சதவீத மருந்து அவ்வளவாக உதவவில்லை. நாளாக ஆக அந்தப் பலனும் குறைந்தது. ஆகவே 6 மாதத்துக்கு ஒரு முறை பூசுவது நல்லது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

பூசுவது எளிது. டாக்டர் பல்லைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, ஒரு சொட்டை நுண்ணிய பிரஷ்ஷால் தடவுவார். ஓரிரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சொத்தையான இடம் கறுத்துவிடும். ஓட்டுப் போடும்போது விரலில் வைக்கும் மையிலும் வெள்ளி உப்புதான் இருக்கிறது. அந்த மை கறுப்பதும் இதனால்தான். "பிள்ளை பல்லைக் கறுப்பாக்கிட்டாங்களே" என்று வீட்டில் மாமியார் சண்டைக்கு வரக்கூடும். புருஷனும் பெண்சாதியும் கலந்து பேசி, வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். முன் பல் கறுப்பது பிடிக்காவிட்டால் கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் பூசச் சொல்லலாம். கறுத்த இடம் கெட்டியாக இருந்தால் சொத்தை நின்றது என்று அர்த்தம். குழி மட்டும் அடையாது. அதற்கு வேறு சிகிச்சை உண்டு.

ஈறில் சீழ்க்கட்டி, முகவீக்கம், தூங்கவிடாத வலி இருந்தால் இந்த மருந்து போதாது. பல் டாக்டர் உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே அழைத்துப் போங்கள். மீஞ்சூரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால், அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான்.

தாய்க்குச் சொத்தை இருந்தால் அவரும் காட்டிக்கொள்ள வேண்டும். தாயின் எச்சில் வழியாக இந்தக் கிருமி குழந்தைக்குப் போகிறது. ஒரே ஸ்பூனில் ருசி பார்த்து ஊட்டுவதை விடுங்கள். ராத்திரியில் சர்க்கரைப் பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்க விடாதீர்கள். வெள்ளி ஒத்துக்கொள்ளாத உடம்பானால், மருந்து பூசுமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.