முத்திரையிட்ட உறையும் மின்னணுத் திறவுகோலும்

அரசுத் துறைகள் பொருள்களை வாங்கவும் பணிகளை ஒப்படைக்கவும் ஒப்பந்தப்புள்ளி கோருகையில், விலைப் பட்டியலை அரக்கு முத்திரையிட்ட உறையில் பெற்று, குறித்த நாளில் பலர் முன்னிலையில் திறப்பது நெடுங்கால மரபாகும். உறைக்குள் உள்ள விலை முன்னதாகவே ஒருவருக்குத் தெரிந்துவிடுமாயின், போட்டி பெயரளவுக்கே எஞ்சும். இழப்பு பொதுப் பணத்துக்கு. இம்மரபு இன்று பெருமளவில் கணினி வழிக்கு மாறியுள்ளது. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய மின்னணுக் கொள்முதல் முறை மத்தியத் துறைகளிலும் பல மாநிலங்களிலும் நடைமுறையில் உள்ளது. அரக்கு செய்த வேலையை அங்கே மறைகுறியாக்கம் செய்கின்றது. அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை நிரல் எழுதுவோர் மட்டுமன்றி, கோப்பைக் கையாளும் அலுவலரும் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் இம்முறையில் தவறு நேரும் இடங்களுட் பல கணிதத்தைச் சார்ந்தவை அல்ல, நிர்வாகத்தைச் சார்ந்தவை.

பூட்ட ஒன்று, திறக்க மற்றொன்று

பூட்டும் திறவுகோலும் திறக்கும் திறவுகோலும் வெவ்வேறாக இருக்கலாம் என்னும் கருத்தை டிஃபி, ஹெல்மன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1976ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலேயே ரிவெஸ்ட், ஷமிர், அடில்மன் ஆகிய மூவரும் அதற்கு நடைமுறை வடிவம் கண்டனர். ஆர்.எஸ்.ஏ. முறை எனப்படுவது அதுவே. பூட்டும் திறவுகோலை ஊரறிய வெளியிடலாம். அது பொதுத் திறவுகோல். திறக்கும் திறவுகோல் உரியவரிடம் மட்டுமே இருக்கும். அது தனித் திறவுகோல்.

வெளியிடப்பட்ட ஒரு பொதுத் திறவுகோல் இன்னாருடையதே என்பதற்கு என்ன உறுதி? அவ்வுறுதியைத் தருவதே சான்றிதழ். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களுக்கு உரிமம் அளித்து மேற்பார்வையிடும் கட்டுப்பாட்டு அலுவலர் பதவியும் இச்சட்டத்தின் கீழ் அமைந்தது.

அலுவலகங்களில் சான்றிதழ் என்றால் கையொப்பமிடும் சான்றிதழையே பலரும் நினைக்கின்றனர். மறைகுறியாக்கத்துக்கென வழங்கப்படும் சான்றிதழ் வேறு. எதற்குப் பயன்படுத்தலாம் என்பது சான்றிதழுக்குள்ளேயே குறிக்கப்பட்டிருக்கும். இவ்வேறுபாடு பெயரளவிலானது அன்று. கையொப்பத்துக்கான தனித் திறவுகோல் தொலைந்தால் புதியதொன்றைப் பெற்றுக்கொள்ளலாம். முன்பு இட்ட கையொப்பங்களைச் சரிபார்க்கப் பொதுத் திறவுகோலே போதும். மறைகுறியாக்கத்துக்குரிய தனித் திறவுகோல் தொலைந்தாலோ, அதைக் கொண்டு மட்டுமே திறக்கக்கூடிய ஆவணங்கள் யாவும் என்றென்றும் மூடியே கிடக்கும்.

நிரல் நூலகத்தின் பணி

இக்கணக்குகளை நிரலாளர்கள் தாமே எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. ஓப்பன்எஸ்எஸ்எல், பவுன்சி காசில் போன்ற நிரல் நூலகங்கள் இதற்கென உள்ளன. ஆவணத்தையும் பெறுநர்களின் சான்றிதழ்களையும் கொடுத்தால், மறைகுறியாக்கப்பட்ட ஆவணத்தை நூலகம் திருப்பித் தரும்.

உள்ளே நடப்பது சுவையானது. 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. திறவுகோலால், வழக்கமான பழைய முறையில், ஒரு தடவையில் 245 பைட்டுகளை மட்டுமே பூட்ட இயலும். ஒரு பக்கக் கடிதத்துக்குக்கூட இது போதாது. ஆகவே நூலகம், முதலில் அந்த ஓர் ஆவணத்துக்கெனப் புதிய இரகசியத் திறவுகோல் ஒன்றைத் தற்போக்கில் உருவாக்கி, அதைக் கொண்டு ஆவணம் முழுவதையும் விரைவாகப் பூட்டுகின்றது. அடுத்து, அச்சிறு திறவுகோலை மட்டும் ஒவ்வொரு சான்றிதழாளரின் பொதுத் திறவுகோலாலும் தனித்தனியே பூட்டி, எல்லாவற்றையும் ஒரே உறையில் இடுகின்றது. பெரிய பெட்டி ஒன்று. அதன் சாவியின் படிகள், பெறுநர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பெட்டியில். இன்னொரு பெறுநரைச் சேர்த்தால் உறை சில நூறு பைட்டுகளே பெருக்கும். செலவு அற்பம் என்பதை நினைவிற் கொள்க.

நூலகம் கேளாத கேள்விகள்

கொடுத்த சான்றிதழ் காலாவதியானதா, ரத்துப் பட்டியலில் ஏறியதா, உரிமம் பெற்ற நிறுவனம் வழங்கியதுதானா என்பவற்றை மறைகுறியாக்கும் கட்டளை பொதுவாக ஆராய்வதில்லை. அச்சோதனைகளுக்கு வேறு கட்டளைகள் உண்டு. அவற்றை அழைப்பது நிரலாளரின் பொறுப்பு. மேலும், பூட்டு எவ்வகையினது என்று சொல்லாமல் விட்டால் நூலகம் தானாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். பிஎச்பி மொழியில் இதற்கான கட்டளை, 2021இல் வந்த 8.1ஆம் பதிப்புக்கு முன்பு வரை, 40 பிட் நீளமுள்ள பழைய பூட்டையே தானாகப் பயன்படுத்தி வந்தது. 40 பிட் என்றால் ஏறத்தாழ 1.1 லட்சம் கோடித் திறவுகோல்கள். கேட்கப் பெரிதாயினும், இன்றைய கணினிகள் ஒவ்வொன்றாக முயன்று முடிக்கக்கூடிய எண்ணிக்கையே அது. நிரல் பிழையின்றி ஓடியது என்பது பூட்டு வலுவானது என்பதற்குச் சான்றாகாது.

இனி, பெறுநர் பட்டியலுக்கு வருவோம். ஒப்பந்தப்புள்ளியை ஒருவர் தனித்துத் திறக்கலாகாது, குறைந்தது இருவர் சேர்ந்தே திறக்க வேண்டும் என்பது நல்ல விதி. நால்வரின் சான்றிதழ்களைக் கொடுத்து மறைகுறியாக்கினால் அவ்விதி நிறைவேறிவிட்டதாக எண்ணுவது பெரும் பிழை. மேற்கூறிய அமைப்பில் நால்வருள் யாரேனும் ஒருவர், மற்ற மூவரும் அறியாமலே, உறையைத் திறக்க இயலும். இருவர் தேவை எனில், ஒருவருக்காகப் பூட்டியதன் மேல் மற்றவருக்காக மறுபடியும் பூட்ட வேண்டும். அல்லது திறவுகோலையே பங்குகளாகப் பிரித்து, இரு பங்குகள் கூடினாலன்றித் திறவாதபடி அமைக்க வேண்டும். திரையில் இருவர் உள்நுழைந்தால்தான் திறக்கும் பொத்தான் தோன்றும் என்று அமைப்பது வேறு. கணிதமே இருவரைக் கேட்கும்படி அமைப்பது வேறு. மென்பொருளை ஏற்றுக்கொள்ளுமுன் துறை கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே என்பது என் கருத்து.

எதிர்ப்புறத்து ஆபத்தும் சிறியதன்று. ஒரே அலுவலரின் சான்றிதழுக்குப் பூட்டிவிட்டு, அவருடைய டோக்கன் பழுதானாலோ, கடவுச்சொல்லைப் பன்முறை பிழையாக இட்டு அது முடங்கினாலோ, ஒப்பந்தப்புள்ளி முழுவதையும் ரத்துச் செய்து மறுபடியும் கோருவதைத் தவிர வழியில்லை. பருவமழைக்கு முன் முடிய வேண்டிய கால்வாய்ப் பணியாயின் ஓராண்டு போனதுபோலத்தான். சான்றிதழைப் புதுப்பிக்கையில் புதிய திறவுகோல் இணை உருவாவதும், இடம் வேண்டி டோக்கனில் உள்ள பழையதை அழித்துவிடுவதும் உண்டு. காலாவதியான சான்றிதழின் தனித் திறவுகோலும் பழைய உறைகளைத் திறக்கும். ஆதலால் அதைக் காத்தல் இன்றியமையாதது. மின்னணு ஆவணம் பிற்காலத்தில் எடுத்துப் பயன்படுத்தத்தக்க நிலையில் இருத்தல் வேண்டும் எனச் சட்டத்தின் 7ஆம் பிரிவு கூறுகின்றது. திறக்க முடியாத ஆவணத்தைப் பாதுகாத்து வைத்திருப்பதால் தணிக்கைக்கோ தகவல் கோரும் குடிமகனுக்கோ பயனில்லை.

கடினமான சிக்கல் பணிமாற்றத்தின்போது எழுகின்றது. சான்றிதழ் அலுவலரின் பெயரில் உள்ளது, பதவியின் பெயரில் அன்று. தனித் திறவுகோலைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது அவரது கடமை என 42ஆம் பிரிவு விதிக்கின்றது. எனவே மேசைச் சாவியைப் போல டோக்கனைப் பின்வருபவரிடம் ஒப்படைத்துச் செல்ல இயலாது. திறக்கப்படாத ஒப்பந்தப்புள்ளிகள் இருக்குமாயின், விடுவிக்கப்படுமுன் சிறு பெட்டியை மட்டும் அவர் திறந்து, உள்ளிருக்கும் சாவியைப் புதிய அலுவலரின் சான்றிதழுக்கு மறுபடியும் பூட்டித் தரலாம். பெரிய பெட்டியைத் தொட வேண்டியதில்லை. ஆயினும் சாவி வெளியே இருக்கும் அந்தச் சில நொடிகளில் விலைப் பட்டியலும் திறந்ததற்கு ஒப்பாகவே இருக்கின்றது. ஆகவே அதையும் ஒப்பந்தப்புள்ளி திறப்பைப் போலவே கருதி, சாட்சிகள் முன்னிலையில், நேரம் குறித்து, பதிவேட்டில் ஏற்றிச் செய்தல் வேண்டும்.